வலது மூலையில் ஒன்பது தையல்

என் அருமை மகளுக்கு,

அப்பா எழுதும் கடிதம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அம்மா சுகம், மிக்ஸிதான் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் "சுருக்கமா சொல்லுங்கப்பா" என்பாய். முப்பத்தாறு வருஷம் பல்செட் செய்தவனுக்குச் சுருக்கமாக எதுவும் வராது. ஒரு பல்லைச் சுருக்கினாலும் ஆள் மறுநாள் கடை வாசலில் நிற்பார்.

முதலில் உனக்கு நன்றி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் நான் இருந்த இருப்பு உனக்கே தெரியும். கொடியில் காயும் துணியை எல்லாம் நீளவாரியாக மாற்றிக் காயப்போட்டேன். செருப்புகளை ஒரே கோட்டில் வைத்தேன். அதுவும் முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். நீதான் என்னைக் கேட்காமலேயே ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, வயது என்ற கட்டத்தில் அறுபத்திரண்டு என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதி அனுப்பினாய். அன்றைக்கு உன்னை என்னென்னவோ திட்டினேன். அத்தனையையும் இந்தக் கடிதத்தின் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான் படிப்பதற்குக் கலப்பு ஊடகம் என்று பெயர். கல்லூரியில் அப்படித்தான் சொல்கிறார்கள். அம்மா அதைக் குப்பை என்கிறாள். துணி, கம்பி, மெழுகு, பிளாஸ்டர், காகிதக் கூழ், கதவுக் கொண்டி, பழைய குடையின் எலும்பு என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து ஓர் உருவம் கொண்டுவர வேண்டும். இதில் பாதிச் சாமான் என் தொழில் சாமான்தான் என்பதால் முதல் நாளே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். உடன் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது. பிளாஸ்டர் கரைக்கத் தெரியாமல் வாளிக்குள்ளேயே கல்லாக்கி, கலக்கிய கரண்டியை வெளியே எடுக்க முடியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நாலு தட்டுத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு "பல் தாத்தா" என்று பெயர். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் என் முதல் வேலையிலேயே மானம் போயிற்று. ஒரு மலை செய்யச் சொன்னார்கள். செய்தேன். எங்கள் ஆசிரியை (உன்னைவிடச் சின்னவள், ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன்) அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஐயா, தப்பா நினைக்காதீங்க. இது மலையா, ஈறா?" என்று கேட்டார். குனிந்து பார்க்கிறேன், இளஞ்சிவப்பு நிறத்தில், ஒரே சீராக, பல் வைப்பதற்குப் பள்ளம் விட்டு ஈறேதான்! கை பழகிவிட்டதம்மா, என்ன செய்வது? அடுத்து ஒரு படகு செய்தேன். அது கீழ்த்தாடை மாதிரி வந்தது. பின்னல் பாய் மாதிரி ஒன்றைக் கம்பியில் செய்தேன். "பல்லுக்கு அளவெடுத்து மாட்டிக்கலாம் போலிருக்கே" என்றார் மேடம்.

"உங்க வேலை ரொம்பச் சுத்தமா இருக்குங்கய்யா, அதுதான் பிரச்சினை. ஒரே ஒரு எடத்துலயாவது கையை விட்டுடுங்க. தப்புப் பண்ணுங்க" என்று வாரம் தவறாமல் சொன்னார். தப்புப் பண்ணினால் வாய் புண்ணாகிவிடும் என்றே முப்பத்தாறு வருஷம் வாழ்ந்தவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது! உண்மையாகவே முயன்று பார்த்தேன். வேண்டுமென்றே கோணலாக ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் நேராக்கிவிட்டேன். கடைசியில் மேடம் என்னைத் தனியாக உட்கார வைத்து, ஆண்டு இறுதி வேலையும் இப்படியே இருந்தால் இரண்டாம் ஆண்டுக்கு அனுப்ப முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் கண்முன் நின்றது. திரும்பவும் அதன் எதிரே போய் உட்காரும் தெம்பு எனக்கு இல்லை.

இந்தக் கவலையில்தான் மிக்ஸி போயிற்று. இறுதி வேலைக்குக் காகிதக் கூழ் வேண்டியிருந்தது. கையால் பிசைந்தால் திப்பி திப்பியாக வருகிறதே என்று பழைய செய்தித்தாளை ஊறவைத்து மிக்ஸியில் போட்டேன். கூழ் வெண்ணெய் மாதிரி வந்தது, அதைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் கூழோடு புகையும் வந்தது. அம்மா ஓடிவந்து பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வாள். "சாப்பாடு ஆறுது. திங்கறவங்க திங்கலாம்." நானும் ஃபிரிட்ஜுக்குத்தான் பதில் சொன்னேன். மூன்று வாரம்!

இறுதி வேலையின் தலைப்போ, "வீட்டில் ஒருவர், முகம் இல்லாமல்." எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மிக்ஸி போனதிலிருந்து நான் பார்த்ததெல்லாம் உன் அம்மாவின் முதுகைத்தான். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்கும் முதுகு. கம்பி வலைமேல் பிளாஸ்டர் ஊற்றி வார்த்த ஒரு பலகை, அதன்மேல் கம்பியில் தோள், கூழில் முதுகு, அவள் கிழித்துப் போட்ட தலையணை உறையில் ரவிக்கை, மெழுகு பூசிய நூலில் கொண்டை. நல்ல சாயல் வந்திருந்தது. கோபம்கூடத் தெரிந்தது. ஆனால் வழக்கம்போல ரொம்ப நேராக இருந்தது. மேடத்திடம் போய்க் கையைப் பிசைந்தேன். "கண்ணை மூடிக்கிட்டு, இடது கையால, அரை மணி நேரம் வேலை செய்யுங்க. முடிச்சதும் பார்க்கக் கூடாது. துணியைப் போட்டு மூடிடுங்க. தேர்வு அன்னைக்கு எங்க முன்னாடிதான் திறக்கணும்" என்றார். சொன்னபடியே கண்ணை மூடி, வலது மூலையில் கைபோனபடி இழைத்து, மூடி, முன்னறையில் சாய்த்து வைத்துவிட்டேன். அதன் பிறகு நான் அந்தத் துணியைத் தொடவே இல்லை, உன்மேல் ஆணை.

தேர்வு நாளில் துணியை எடுத்தார்கள். மேடம் வலது மூலையைக் காட்டி, "இதுதாங்கய்யா! இதைத்தான் ஒரு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன்!" என்று கத்தியே விட்டார். பார்க்கிறேன், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பிளாஸ்டர் மூன்றாகப் பிளந்திருக்கிறது. பிளவின் மேல் கறுப்பு நூலில் ஒன்பது தையல், ஒன்று நீளம், ஒன்று குட்டை. நடுவே ஒரு சட்டைப் பித்தான். அதன் பக்கத்தில், விரலில் காயம் பட்டால் ஒட்டுவோமே, அந்தப் பிளாஸ்திரி ஒன்று! "உறவுல விழுந்த விரிசலை நீங்களே தைச்சிருக்கீங்க, அது மேல மருந்தும் போட்டிருக்கீங்க" என்று மேடம் விளக்கினார். தலைமுடியில் பச்சை பூசிய ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு, அதுவும் இடது கையால், ஊசியில் நூல் கோத்திருக்கிறேன் பாரேன்! எதுவுமே நினைவில் இல்லை. ஆழ்மனம் வேலை செய்தால் அப்படித்தானாம், நினைவு இருக்காதாம். எல்லாருக்கும் முன்னால் அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். இரண்டாம் ஆண்டுக்குத் தேறிவிட்டேன்.

கண்காட்சிக்கு அம்மாவையும் கூப்பிட்டேன். ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டு வந்தாள். தன் முதுகை எதிரே நின்று பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், மேடம் சொன்ன விளக்கத்தைக் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மூன்று வாரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். கலைக்கு இவ்வளவு சக்தி இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லையம்மா. முப்பத்தாறு வருஷத்தில் என் கைவேலை ஊரில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறது. உன் அம்மாவை அழ வைத்தது இதுதான் முதல் தடவை. மிக்ஸிக்கு அழுததை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாம் நீ போட்ட விண்ணப்பத்தால் வந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரனை இரு வேளையும் பல் துலக்கச் சொல். நீங்கள் மூவரும் எண்பது வயதிலும் சொந்தப் பல்லால் கடித்துச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவனாகிய உன் அப்பா.

பின்குறிப்பு: கண்ணு, அம்மா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி அப்பா இதை ஒட்டிக் கொடுத்தாரு. அவர் ஒட்டினது பிரியுமா? கத்தரிக்கோலால வெட்டிப் படிச்சுட்டு வேற உறை மாத்தியிருக்கேன்.

தேர்வுக்கு முந்தின நாள் அவர் பல்பு வாங்கப் போயிருந்தப்ப, கூட்டுறதுக்காக அந்தப் பலகையை நகர்த்தினேன். கை வழுக்கி விழுந்து வலது மூலை மூணு துண்டாப் போச்சு. சொல்லலாம்னா, நான்தான் பேசுறதில்லையே, எந்த வாயால சொல்றது? கம்பியோட சேர்த்துக் கறுப்பு நூலால தைச்சேன். நூல் உருவிக்கிட்டு வந்ததால ஒரு பித்தானைக் கோத்தேன். மைதாவைக் காய்ச்சிப் பசை தடவினேன். ஊசி விரல்ல ஏறிடுச்சு. அதுக்குப் போட்ட பிளாஸ்திரிதான் பசையில ஒட்டிக்கிட்டு அங்கேயே தங்கிப்போச்சு. அவர் கண்ணை மூடிக்கிட்டுச் செஞ்ச எடத்தையும் பார்த்தேன். அளவுகோல் வெச்ச மாதிரி இருந்துச்சு, பாவம்.

அந்தப் பிளாஸ்திரிக்கு மேடம் அர்த்தம் சொன்னப்ப எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அப்புறம் பக்கத்துல நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு அவர் நின்ன நிலையைப் பார்த்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட மனுஷன் அப்படி நிக்கலை. அழுகை வந்துடுச்சு. சுவரைப் பார்த்து அவர் உட்கார்ந்திருந்த ஆறு மாசத்தை நீ போன்லதான் கேட்டே, நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். அதனால இதை நீ மறந்தும் அவர்கிட்ட சொல்லிடாதே.

அடுத்த வருஷமும் மேடம் இதே மாதிரி எதிர்பார்ப்பாங்களாம். இப்ப முன்னறையில ஏதோ ஒரு பறவை காயுது. ரொம்ப நேராத்தான் இருக்கு. நாளைக்குக் கூட்டுறப்ப பார்த்துக்கிறேன்.