ஒத்திகையில் நழுவிய முட்டிச் சில்லு

பொய் சொல்ல வாய் மட்டும் ஒத்துழைத்தால் போதாது. முழங்காலும் ஒத்துழைக்க வேண்டும். இதை நான் எம். புதுப்பட்டியில் நூறு பேர் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலைக்குப் போயிருந்தேன்.

"உடம்புக்கு ஏதும் தொந்தரவு உண்டா தம்பி?" என்று கேட்டார் முதலாளி.

"ஓட்டத்துல காலேஜ்லயே முதல் ஆளு சார்!"

(ஓடியது உண்மை. வலது முட்டிச் சில்லு இரண்டு முறை வெளிப்பக்கமாக நழுவி, தானாகவே திரும்பி வந்ததை யார் கேட்டார்கள்?)

சேர்ந்த மூன்றாம் வாரம், ஆய்வுக்கு வந்த அதிகாரிகள், தொழிலாளர்கள் எல்லோர் முன்னாலும் விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் அறையைவிட்டு எப்படி வெளியேறுவது என்று நான் செய்துகாட்ட வேண்டும். மணி அடித்தது. பாய்ந்தேன். வாசலில் சடாரென்று திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. சில்லு நகர்ந்து முழங்காலின் பக்கவாட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அய்யோ அம்மா!" என்று மண்ணில் புரண்டேன்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

"நிசமாத்தான் வலிக்குது!" என்று அலறினேன். கைதட்டல் இன்னும் கூடியது. வீடியோக்காரர் கிட்டே வந்து என் முகத்தை எடுத்தார்.

அடிபட்டவராக நடிப்பதற்காக ஏற்கெனவே ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த கருப்பசாமி எழுந்து உட்கார்ந்தார். "சார், அடிபடுறது நான்ல? நீங்க ஏன் விழுந்து கெடக்கீக?"

திரி செருகும் பேச்சியம்மாள்தான் குனிந்து என் காலைப் பார்த்தாள். "ஆத்தாடி! முட்டி எடம் மாறிக் கெடக்கு!"

கருப்பசாமியை இறக்கிவிட்டு என்னை ஏற்றினார்கள். மெதுவாகக் காலை நீட்டியபோது சில்லு 'டக்'கென்று தன் இடத்துக்கு வந்துவிட்டது. வலி பாதியானது. மானம் மட்டும் திரும்பவில்லை.

விருதுநகரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. வீக்கம் வடிந்தபின் முதலாளியே என்னைக் காரில் மறுபடி அழைத்துப் போனார். டாக்டர் என் காலை நீட்டச் சொல்லி, சில்லை விரலால் வெளிப்பக்கம் மெல்லத் தள்ளினார். பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுதான் டெஸ்ட். இம்புட்டுப் பயப்படுறீகன்னா முன்னாடியும் நழுவியிருக்குமே. எத்தனை தடவை?"

பக்கத்தில் முதலாளி. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு" என்றேன்.

"முதல் ஆளா ஓடுனேன்னு சொன்னீகளே தம்பி?" என்றார் முதலாளி.

"நான் முதல்ல வந்துட்டேன் சார். சில்லுதான் வழி மாறிருச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வேலை பிழைத்தது.

முட்டிக்குப் பட்டை, தொடைத் தசைக்குப் பயிற்சி. தசை பலமானால் சில்லு தடம் மாறாது, அப்படியும் நழுவினால் ஆபரேஷன் என்றார் டாக்டர். மூன்று மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கினேன். எண்ணிக்கை பேச்சியம்மாள் பொறுப்பு. "பத்து இல்ல சார், ஒம்பது. ஏமாத்தாதீக!"

அதன்பின் சில்லு நழுவவில்லை. ஆனால் அந்த வீடியோ என் வீடுவரை வந்துவிட்டது. போன வாரம் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு அலறினேன். அடுப்படியிலிருந்து மனைவி கைதட்டினாள். மகள் போனோடு ஓடிவந்து, "அப்பா, சரியா விழல. இன்னொரு தடவை!" என்றாள்.