துவக்குக்கு வாங்கிய வரிப்பலகை

ஓக்லாந்தில் உள்ள பிடிவாதம் முழுவதையும் ஒரே ஆளுக்குள் திணித்து, அந்த ஆளுக்குப் பென்ரோஸில் ஒரு தச்சுப்பட்டறையும் வைத்துக் கொடுத்தால், அவர்தான் ரேகை அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். வேட்டைத் துவக்குகளுக்கு, அதாவது துப்பாக்கிகளுக்கு, கையாலேயே மரப்பிடி செய்வார். பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கைரேகை சாத்திரி மாதிரி உற்றுப் பார்ப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது ஞாபகமிருந்ததோ தெரியாது.

த்ரீ கிங்ஸ் பகுதியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்த ஒரு பல் டாக்டர் பிடிக்கென்று கொண்டுவந்த பலகையைப் பார்த்து, "கோழிக்கூட்டுக்கு நல்லா இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தவர்.

எனக்கு நடந்தது அதைவிட அநியாயம். என்னோடு மான் வேட்டைக்கு வரும் வேலையிடத்து வெள்ளைக்காரர் எல்லோரிடமும் பார்த்தவுடன் கண் பறிக்கும் துவக்குகள். என்னுடையதில் மட்டும் பிளாஸ்டிக் பிடி. அவர்கள் முன்னால் ஒருநாளாவது நிமிர்ந்து நிற்கவேண்டுமென்று ஆசை ஆசையாக ஒரு வால்நட் மரப்பலகை வாங்கினேன். புலித்தோல் மாதிரி வரிவரியாக மின்னும்.

ரேகை அண்ணை துடைத்தார், பார்த்தார். "வடிவுதான். ஆனா வேண்டாம் தம்பி. நேர் ரேகை ஓடுற வெறும் பலகை போடுவம்."

"ஏன் அண்ணை?"

"கை பிடிக்கிற மெல்லிசான இடத்தில ரேகை குறுக்கால போகுது. சுடேக்க பிளந்துதெண்டா உம்மட மூஞ்சைக்கு ஆர் பொறுப்பு?"

"என்ர மூஞ்சை, என்ர பலகை. நீங்கள் செய்யுங்கோ."

"ஓம், ஓம்" என்றார். அந்த ஓமை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

எடுக்கப் போனால், துவக்கில் ஒரு வரி கிடையாது. அகப்பைக் காம்பு மாதிரி வெறும் மரம்.

"என்ர பலகை எங்க?"

"அது காலமையே உம்மட வீட்டுக்குப் போயிட்டுது."

பதறியடித்து வீட்டுக்கு ஓடினேன். சாமியறையில், என் புலிவரிப் பலகைமேல் பிள்ளையாரும் முருகனும் அம்மனும் சௌகரியமாக வீற்றிருந்தார்கள். என் மனைவி எப்போதோ அவரிடம் சாமிப்படம் வைக்க ஒரு சுவர்த்தட்டு கேட்டிருந்தாளாம்.

"அண்ணையே வந்து சுவரில பூட்டித் தந்தவர்" என்றாள். "படம் வச்சு விளக்கும் கொளுத்தியாச்சு. இனிக் கழட்டக் கூடாதப்பா."

போனில் அவரைப் பிடித்தேன். "ஆரைக் கேட்டு என்ர பலகையை வெட்டினீங்கள்?"

"அங்க பாரமில்லைத் தம்பி, பிளக்காது" என்றார் ஆறுதலாக.

எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வேட்டையில் ஒருவனும் என் துவக்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வீட்டிலோ என் துவக்குப் பிடியை நானே தினமும் கும்பிடுகிறேன். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்ல?

அண்ணை போன மாதம் மகளோடு இருக்க மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். வழியனுப்பப் போன இடத்தில், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுடேக்க பிடி பட்டுக் கன்னம் நோகேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை" என்றேன். இந்த முகத்தை இவ்வளவு பெரிதாக மதித்த மனுசர் எனக்கு வேறு யாருமில்லை.