ஒரு சட்டியில் நாலு கரண்டி

வாருங்கள், பெரியோர்களே! வாருங்கள், தாய்மார்களே! பாதணியைக் கழற்ற வேண்டாம். நம்மை எவரும் உள்ளே அழைக்கப் போவதில்லை. தொண்ணூற்று நான்காம் ஆண்டின் மாசிப் பனியிலே, ரொறன்ரோ மாநகரின் வெக்ஸ்போர்ட் பகுதியிலே, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்று ஓர் அநீதிக்குச் சாட்சியாகுங்கள். அதோ, ஒரு கதவு நாலு விரற்கடை திறந்திருக்கிறது. அதன் சங்கிலி இன்னும் கழற்றப்படவில்லை.

சங்கிலிக்கு உள்ளே மகேஸ்வரன். வெளியே, கையில் பெட்டியோடு வாகீசன். மொன்றியலில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் ஆண்டுக்கணக்காய்க் கோப்பை கழுவியவன், முதன்முதலாக விடுமுறை எடுத்து, நயாகராவைத் தன் கண்ணால் பார்த்தே தீருவதென்று தனியாகப் புறப்பட்டு வந்திருந்தான். "மகேஸ் அண்ணை தங்கமான மனிசன். அவரின்ரை வீட்டிலை கை நனைக்காத சனமில்லை. போய் நிண்டு வடிவாப் பாத்திட்டு வா" என்று வழிகாட்டி அனுப்பியவன், கூட வேலை செய்யும் அன்ட்ரூ.

"வாங்கோ தம்பி, அன்ட்ரூ போன் பண்ணினவன். நீங்கள் ஊரிலை எவடம்?"

வாகீசன் ஊரின் பெயரைச் சொன்னான்.

"அட, எங்கடை பக்கம்! கோயிலுக்குக் கிழக்காலையோ, மேற்காலையோ?"

"மேற்காலை, அண்ணை."

"மேற்காலையோ... நீர் அந்த மதவடிக்கு இங்காலையோ, அங்காலையோ?"

"அங்காலை."

"ம்ம்... உன்ரை கொப்பர் ஆர்?"

கேட்டீர்களா! 'நீங்கள்' என்ற உச்சியில் தொடங்கிய மரியாதை 'நீர்' என்ற படியில் வழுக்கி, 'உன்ரை' என்ற பள்ளத்தில் விழுந்தது. நயாகராவைக் காண வந்தவனுக்கு முதல் வீழ்ச்சி வாசலிலேயே காட்டப்பட்டுவிட்டது.

வாகீசன் சொன்ன தகப்பனின் பெயரைக் கேட்டதும் மகேஸ்வரனின் முகம் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்தது.

"குறை நினையாதை தம்பி. பிள்ளையளுக்குக் கடும் காய்ச்சல். உனக்கும் தொத்திப்போடும். வேறை எங்கையும் பார்."

உள்ளே, அந்தக் கடும் காய்ச்சற்காரர் இருவரும் சோபாவிலிருந்து குதித்துக் கும்மாளமடிக்கும் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. கதவு சாத்தப்பட்டது.

ஒரு வாய் தண்ணீராவது கேட்டிருக்கலாம் என்று வாகீசன் எண்ணினான். ஆனால் கேட்கவில்லை. அவன் தகப்பனுக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்த ஊர் அது. அந்த ஊர் விமானமேறி, குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, தனக்கு முன்னரே இங்கு வந்து குடியேறியிருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

அப்பொழுது எதிர்க்கதவு திறந்தது.

"வாங்கோ! வாங்கோ!"

வாகீசன் திரும்பிப் பார்த்தான். மிளகாய்த்தூள் படிந்த கையுறைகளோடு ஒரு கொரியப் பெண் நின்றாள். முகம் கொரியா, சொல் யாழ்ப்பாணம்! வேறு யாரையோ அழைக்கிறாளாக்கும் என்று தன் முதுகுக்குப் பின்னால் தேடினான். எவருமில்லை. அதற்குள் அவள் பெட்டியைப் பற்றி இழுத்தாள். அவன் பெட்டியை விடவில்லை. ஆகவே அவனும் உள்ளே போனான்.

"என் மனைவி சூன்ஜா. நான் பார்க்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார் கணவர். "இவளுக்கு ஆங்கிலம் குறைவு. கதைக்கிறதெல்லாம் அகப்பையாலேதான்."

முதலில் தண்ணீர் வந்தது, ஒரு சில்வர் பேணியில். பேணியின் விளிம்பில் 'ம. யோ.' என்று தமிழெழுத்துப் பொறித்திருந்தது. வீடு மாறும்போது ஆரோ தமிழ்ச்சனம் எறிந்துவிட்டுப் போனதாக்கும் என்று எண்ணிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

பார்க் எதிரே சப்பணம் கட்டி அமர்ந்தார். "உங்களுக்கு வயது என்ன?"

வாகீசன் பேணியைக் கீழே வைத்தான். இங்கேயும் விசாரணையா! வயதில் தொடங்கித்தான் மதவடிக்கு வருவார்கள். முப்பத்திரண்டு என்று உண்மையைச் சொன்னால், தனிக்கட்டை இளந்தாரிக்குப் படுக்க இடம் கொடுப்பார்களோ?

"நாற்பத்தைந்து" என்றான். முன்நெற்றியில் குடியேறியிருந்த வழுக்கை அந்தப் பொய்க்குப் பிணை நின்றது.

பார்க் துள்ளி எழுந்தார். "எனக்கு நாற்பத்தொன்று! நீங்கள் என் அண்ணன்!" என்று இடுப்பு வரை குனிந்து வணங்கி, தாம் இருந்த சிறு மெத்தையைத் தூக்கி அவனுக்குப் போட்டுவிட்டு, வெறுந்தரையில் அமர்ந்தார்.

"கலியாணம் ஆகிவிட்டதா?"

"ஓம்... யெஸ்."

"பிள்ளைகள்?"

கலியாணம் கட்டியவனுக்குப் பிள்ளை இல்லையென்றால் அதற்கும் காரணம் கேட்பார்கள். "இரண்டு!"

சூன்ஜா மகிழ்ச்சியோடு கைதட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

உணவு வந்தது. ஆளுக்கொரு கிண்ணம் சோறு. கிம்சி என்னும் கார முட்டைக்கோவா ஊறுகாய். நடுவில் கொதிக்கக் கொதிக்க ஒரே ஒரு சட்டி. எவரும் கரண்டியைத் தொடவில்லை. வாகீசனும் தொடவில்லை, வீட்டுக்காரர் 'சாப்பிடுங்கோ' என்னுமுன் கைவைப்பவன் விருந்தாளியா? ஆவி அடங்கிற்று. சட்டி ஆறிற்று.

"அண்ணன் தொடங்காமல் தம்பி தொடக்கூடாது" என்றார் பார்க், பசியோடு.

வாகீசன் கரண்டியை எடுத்தான். தன் பங்கு எந்தப் பாத்திரத்தில் தனியாக வரும் என்று பார்த்தான். தனியாக எதுவும் வரவில்லை. பார்க்கின் கரண்டி சட்டிக்குள் போனது. சூன்ஜாவின் கரண்டி போனது. இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கரண்டியும் அதே சட்டிக்குள் போனது. காரம் என்று சொல்லி அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவ்வளவு காரம் அதில் இல்லை.

மிச்சம் வைப்பது சோற்றுக்கு அவமானம் என்று வழித்துத் துடைத்துச் சாப்பிட்டான். கிண்ணம் வெறுமையானது விருந்தாளியின் பசிக்கு அடையாளம் என்று சூன்ஜா மீண்டும் நிரப்பினாள். அவன் துடைத்தான், அவள் நிரப்பினாள். இரண்டு பண்பாடுகள் ஓர் ஏழையின் வயிற்றிலே போர் தொடுத்தன! போதும் என்று வயிற்றைத் தடவிக் காட்டினான்.

"நல்ல ருசியாம்!" என்று மொழிபெயர்த்தார் பார்க். கிண்ணம் மலையாயிற்று.

பின்பு சூன்ஜா தன் கையால் பின்னிய இரண்டு கம்பளித் தொப்பிகளைக் கொண்டுவந்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பிறவாத பிள்ளைகளின் தலையளவைக் கையால் காட்டி, சரியா என்று கேட்டாள்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. "எனக்குப் பிள்ளையள் இல்லை. கலியாணமும் இல்லை. வயது முப்பத்திரண்டு. பொய் சொல்லிப்போட்டன்" என்று தெரிந்த ஆங்கிலத்திலும் தெரியாத பாவனையிலும் கொட்டித் தீர்த்தான்.

பார்க் மெல்ல எழுந்தார். மெத்தையைச் சுட்டினார். வாகீசன் அதைத் திருப்பிக் கொடுத்தான். வெளியே போகச் சொல்லப் போகிறார்!

"அப்படியானால் நீ என் தம்பி" என்றார் பார்க், மெத்தையில் சுகமாக அமர்ந்து. "எப்படிக் கூப்பிடுவதென்று தெரியத்தானே வயதைக் கேட்டேன்? அண்ணன் என்றால் போதும் என்று சொல்லலாம். தம்பிக்கு அந்த உரிமை கிடையாது. சாப்பிடு!"

கிண்ணம் மறுபடி நிரம்பியது.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி" என்றார் பார்க்.

வந்துவிட்டது! கிழக்கா, மேற்கா? இங்காலையா, அங்காலையா? வாகீசன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாளை நயாகராவுக்கு எங்கள் வான் வண்டியில் போவோமா?"

அவன் பதில் சொல்லுமுன், தட்டாமல் கொள்ளாமல் கதவு திறந்தது. கையில் மனைவி சமைத்த ஆட்டுக்கறிச் சட்டியோடு, சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் ஒருவர் நுழைந்தார்.

"சூன்ஜா! யோகராணி கறி தந்துவிட்டவா. சுடச்சுடச் சாப்பிடுங்கோ!"

மகேஸ்வரன்.

சூன்ஜா அவரைப் பிடித்து வழமையான இடத்தில் இருத்தினாள். கையில் ஒரு கரண்டியைத் திணித்தாள். பழகிய கரண்டி தானாகவே நடுச்சட்டிக்குள் இறங்கியது. இறங்கிய பின்புதான், உள்ளே ஏற்கெனவே கிடந்த கரண்டி யாருடையது என்று அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ... நீர்..." என்றார். பிறகு, "நீங்கள் இஞ்சையோ, தம்பி?" என்றார்.

மரியாதை படியேறி வந்தது, மூச்சுத்தான் வாங்கியது.

"பிள்ளையளுக்குக் காய்ச்சல் மாறிட்டுதே, அண்ணை?" என்று வாகீசன் பணிவோடு கேட்டான்.

"இவர் என் அண்ணன். இவன் என் தம்பி. ஆகையால் நீங்கள் இருவரும் சகோதரர்கள்" என்று பார்க் கணக்கைச் சுலபமாக முடித்தார்.

மகேஸ்வரனின் கரண்டி உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. அது ஏன் நின்றதென்று சூன்ஜாவுக்கு விளங்கவில்லை. அகப்பையைக் கீழே வைத்தாள். 'ம. யோ.' பேணியில் தண்ணீர் வார்த்து மகேஸ்வரனிடம் நீட்டியபடி, அன்றைக்கு முதன்முறையாக, சொல் சொல்லாய்த் தேடியெடுத்த ஆங்கிலத்தில் வாகீசனிடம் பேசினாள்:

"நாங்கள் பெட்டியோடு வந்த அன்று, எங்கள் நாட்டுக்காரர் 'எந்த மாகாணம்?' என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். இந்த அண்ணைதான் ஒன்றுமே கேளாமல், 'வாங்கோ' என்று கூப்பிட்டு, இந்தப் பேணியில் தண்ணீர் தந்தவர். அவர் பழக்கிய பழக்கம்தான் இது."

சாட்சிகளே! நாலு கரண்டியும் நிற்கின்றன, கறிச் சட்டி ஆறுகிறது. அந்தச் சங்கதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் கதவிலும் ஒரு சங்கிலி தொங்குகிறது. இன்றைக்கே கழற்றுங்கள்; எவடம் என்று கேளாமல், வாங்கோ என்று சொல்லுங்கள்!