சம்பந்தி கேமராவுக்கு விபூதி

சம்பந்தி வீட்டுப் பொருள் நம் வீட்டில் இருக்கும்வரை தூக்கம் வராது. அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் வந்த பொருள் என்றால், அதற்குத் தலைவலி வந்தாலும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்திருந்த சமயம். மாப்பிள்ளையின் அப்பா ஒரு பழைய மடக்குக் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு, தறிச் சத்தம் ஓயாத பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூடியைத் திறந்து இழுத்தால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக நீளும். (பதினோரு மடிப்பு. எண்ணினேன்.)

“எங்க அப்பா வெச்சிருந்தது சம்பந்தி. என் தம்பி வித்துரலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கறவன் இன்னா லென்ஸு, இன்னா ஷட்டருன்னு கேக்குறானாம். எழுத்தெல்லாம் மங்கிப் போயிருக்குது. நீங்கதான் கல்வெட்டே படிக்கிறவராச்சே. பாத்து வைங்க, நாளைக்கி வந்து வாங்கிக்கிறேன்” என்றார். விற்கப்போகிறவர் முகத்தில் இருக்க வேண்டிய மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. ‘கல்வெட்டே’ என்பதிலேயே மயங்கிக் கிடந்தேன்.

கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் கோயில் பிரகாரத்தில் கல்வெட்டு பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. எழுத்து தெரியாவிட்டால் கொஞ்சம் விபூதியைத் தேய்ப்பேன். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து பளிச்சென்று எழும். கல்லுக்கு உதவுவது கேமராவுக்கு உதவாதா?

உதவியது. லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தில் தேய்த்ததும் ஆங்கிலத்தில் பத்து எழுத்து எழுந்து நின்றது: அனஸ்டிக்மாட். (அது லென்ஸின் வகை மட்டுமே என்பது பின்னால்தான் தெரிந்தது. நெய்தவர் யாரென்று கேட்டால் ‘பட்டு’ என்று பதில் வந்த மாதிரி.) ஷட்டரில் எண்கள் மட்டுமே, பெயர் இல்லை. இருந்தாலும் பாதி வெற்றி. அந்த மிதப்பில் மிச்சத் தூளை ஊதினேன்.

“ஊதாதீங்க!” என்றாள் மனைவி. ஊதி முடித்திருந்தேன்.

தூள் முழுக்க ஷட்டர் நெம்புகோலின் சந்துக்குள் போய்விட்டது. அழுத்தினேன். தகடுகள் பாதி திறந்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கண் மாதிரி என்னைப் பார்த்தன. அப்படியே நின்றுவிட்டன.

எங்கள் வீட்டுத் தறியில் எது இறுகினாலும் ஒரே மருந்து, ஒரு சொட்டு எண்ணெய். எடுத்தேன்.

“தறிக்கு ஊத்துறத அதுக்கு ஊத்தாதீங்க. பொண்ணு வாழப்போற வீட்டுப் பொருளுங்க அது!”

ஊற்றினேன். விபூதியும் எண்ணெயும் குழைந்து உள்ளே களிம்பாயிற்று. நெம்புகோலும் அசைய மறுத்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

சம்பந்தி கேமராவைத் திறந்தார். வெள்ளை பூசி, எண்ணெய் வழிய இருந்தது அது.

“இன்னா சம்பந்தி, அபிஷேகம் பண்ணிட்டீங்களா?”

மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் முதல் மகளின் முகம் வரை எல்லாம் கண்முன் ஓடின. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நெம்புகோலை அழுத்திப் பார்த்தார்.

“அப்ப இது ஓடாதா?”

“ஓடாதுங்க.”

“நிச்சயமா?”

“நிச்சயமா ஓடாதுங்க.”

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நல்ல காரியம் பண்ணீங்க சம்பந்தி! இத விக்க எனக்கு மனசே இல்ல. தம்பிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கினு இருந்தேன். இனிமே எவன் வாங்குவான்?”

பின்னால் நின்ற என் மனைவி விட்ட மூச்சில் மிச்ச விபூதியும் பறந்தது. நான் நாற்காலி எங்கே என்று பார்க்காமலே உட்கார்ந்தேன். நல்லவேளை, அது அங்கேதான் இருந்தது.

கேமரா இப்போது அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. போகும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன், பத்து எழுத்தும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஒரே ஒரு இடத்தில் வீடியோக்காரரின் கேமரா நின்றுபோனது. உடனே மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் என் பக்கம் திரும்பினார்கள். யாரோ விபூதித் தட்டை என்னிடம் நீட்டினார்கள்.

இன்றும் அந்த வீட்டில் மிக்ஸி நின்றால் முதல் போன் எனக்குத்தான்.

“சம்பந்தி, ரிப்பேர்காரன் வந்துக்கினு இருக்கான். அவன் வேலைய முடிச்சிட்டுப் போறவரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வராதீங்க.”