வாளி சேவியர் வேலைக்குப் போன சனிக்கிழமை

நான் சேரவே சேராத ஒரு கடையில இருந்து, சம்பளமே பேசாத ஒரு வேலையில இருந்து, நாப்பத்தொன்பது வயசுல என்னை டிஸ்மிஸ் பண்ணியிருக்காங்க. அதுவும் முக்கால் மணி நேரத்துல. (என் ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷமா பெருசா ஒண்ணும் கிழிக்காம உக்காந்திருக்கேன். அங்க யாரும் என்னைத் தொட்டதில்ல.)

எல்லாத்துக்கும் காரணம் என் பொண்ணு செலின். அவளுக்குப் பதினாறு வயசு. ஸ்கூல்ல கடைசியா எழுதுற ஓ லெவல் பரீட்சை முடிஞ்ச மறுநாளே, "அப்பா, நான் பார்ட் டைம் வேலைக்குப் போகப் போறேன்"னா.

"எதுக்கும்மா? காசு வேணும்னா நான் தரேனே."

"அதான்பா ப்ராப்ளம்."

அதுல என்ன ப்ராப்ளம்னு எனக்கு அப்ப புரியல. பதினாலு இடத்துக்கு மெசேஜ் அனுப்புனா. ஒரு பபுள் டீ கடையில எக்ஸ்பீரியன்ஸ் இருக்கான்னு கேட்டாங்களாம். அவளுக்கு அந்த டீயைக் குடிச்ச எக்ஸ்பீரியன்ஸ் நிறைய இருக்கு, அதைக் கணக்குல சேர்க்க மாட்டாங்களாம். கடைசியில லிட்டில் இந்தியாவுல ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில கூப்பிட்டாங்க. சனிக்கிழமை லஞ்ச் நேரம் ட்ரையல். மூணு மணி நேரம் பரிமாறணும். முடிஞ்சதும் வேலை உண்டா இல்லையான்னு சூப்பர்வைசர் சொல்லுவாங்க. செலின் மூணு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு, "வாங்க சார், எத்தனை பேர்?"னு சொல்லிப் பார்த்துக்கிட்டிருந்தா. அவளுக்கு அந்த வேலை அவ்வளவு வேணும்.

அவளைவிட எனக்குத்தான் குஷி தாங்கல. ஏன்னா பரிமாறுறது என் துறை. எங்க சர்ச் திருவிழாவுல வருஷா வருஷம் சாம்பார் வாளி என் கையிலதான். வாளி சேவியர்னு சொன்னாத்தான் ஃபாதருக்கே என்னை அடையாளம் தெரியும். என்கிட்ட ஒரு டெக்னிக் இருக்கு. சாப்பிடுறவங்க போதும் போதும்னு இலைக்கு மேல கையை வச்சு மறிப்பாங்க இல்ல, அது வெறும் வெட்கம். அந்த விரல் இடுக்கு வழியாவே ஊத்திட்டு அடுத்த இலைக்குப் போயிடணும். நின்னு பேசக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் இதையெல்லாம் செலினுக்கு ஒரு காலி ஜக்கை வச்சு டெமோ காட்டுனேன். அவ கடைசி வரைக்கும் பார்த்துட்டு, "அப்பா, நாளைக்கு நீங்க அந்தக் கடைப் பக்கம் வரவே கூடாது லா. ப்ராமிஸ் பண்ணுங்க"ன்னா.

பண்ணேன்.

மறுநாள் பதினோரு மணிக்குத் தொப்பியை மாட்டிக்கிட்டு, "தேக்கா மார்க்கெட்ல மட்டன் வாங்கிட்டு வரேன்"னு கிளம்புனேன். அந்த மார்க்கெட்டும் லிட்டில் இந்தியாவுலதான் இருக்கு. என் மனைவி ரீட்டா காய் நறுக்கிக்கிட்டிருந்தவ தலையைத் தூக்கவே இல்ல.

"ஏன், இங்க நம்ம உட்லண்ட்ஸ்ல இருக்கிற ஆடெல்லாம் லீவா?"

நேரா போய் எம்.ஆர்.டி. ரயில் ஏறிட்டேன்.

கடைக்குள்ள போனா நல்ல கூட்டம். வாசல் வரைக்கும் ஆள் நிக்குது. நான் ஒரு தூணுக்குப் பின்னாடி உக்காந்து, மெனு கார்டை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டேன். செலின் கறுப்பு ஏப்ரன் கட்டி, தலைமுடியை வலைக்குள்ள அடக்கி, காய் வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தா. வீட்ல குடிச்ச கிளாஸை எடுத்து வைக்காத பொண்ணு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. (ரசத்துல மிளகு ஜாஸ்தின்னு பக்கத்து டேபிள்காரர்கிட்ட சொல்லிச் சமாளிச்சேன். அப்ப எனக்கு இன்னும் இலையே போடல.)

பன்னிரண்டரைக்குக் கூட்டம் முத்திருச்சு. ஒரு மூலையில எட்டுச் சீனர்கள், ஆபீஸ் கூட்டாளிங்க போல, இலையை வச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க. இன்னொரு பக்கம் சாதம் கேட்டு ஒருத்தர் கையைத் தூக்குறார். செலின் நடுவுல நின்னு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம திரும்பித் திரும்பிப் பார்க்குறா. சமையல்கட்டு ஜன்னல்ல மீன் தட்டு, மட்டன் குழம்பு வாளி எல்லாம் எடுக்க ஆளில்லாம ஆவி பறக்குது.

அதுக்கப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. என் கைதான் பொறுப்பு. ஒரு இலை காலியா இருந்து, பக்கத்துல ஒரு வாளி நிறைஞ்சு இருந்தா என் உடம்பு உக்காராது. எந்திரிச்சேன், சட்டைக் கையை மடக்குனேன், மீன் தட்டையும் மட்டன் வாளியையும் தூக்கிட்டேன்.

கல்லாப் பக்கத்துல இருந்து சூப்பர்வைசர் ராணி அக்கா பார்த்தாங்க. அம்பது வயசு இருக்கும், கண்ணாலயே வேலை வாங்குற ஆளு. "யாரு நீங்க?"ன்னு கேப்பாங்கன்னு பயந்தேன். அவங்க, "அண்ணே, ஏஜென்ட் அனுப்புன ஆளா? பார்த்துக்கிட்டே நிக்காதீங்க, அந்த மூலையைப் பாருங்க"ன்னாங்க.

எனக்கு உச்சி குளிர்ந்துருச்சு. ஒரு வார்த்தையில வேலை கிடைச்சிருச்சு, என் பொண்ணுக்கு முன்னாடியே.

மூலைக்குப் போனேன். எட்டு இலைக்கும் எட்டுப் பெரிய மீன் துண்டு. "ஈட், ஈட், நோ ஷை"ன்னேன். அவங்களுக்கு ஒரே சந்தோஷம். ஒருத்தர் இன்னொண்ணு கேட்டார், வச்சேன். பக்கத்து டேபிள் அம்மா, "எங்களுக்கு வெறும் சாப்பாடு போதும்"னாங்க. திருவிழாவுல வந்து வெறும் சாப்பாடா? ஒரு கரண்டி மட்டன். அவங்க புருஷனுக்கு ரெண்டு. குழந்தைக்கு நல்லி எலும்பு.

இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லணும். அந்தக் கடையில சாதம், காய், சாம்பார், ரசம் எவ்வளவு வேணாலும் வாங்கிக்கலாம். மீனும் மட்டனும் தனிக் காசு. கேட்டவங்களுக்கு மட்டும் வச்சு, சீட்டுல குறிக்கணும். செலினுக்குக் காலையில அரை மணி நேரம் சொல்லிக் குடுத்ததே அதைத்தானாம். என் இருபது வருஷத் திருவிழா அனுபவத்துல சீட்டுன்னு ஒண்ணு இருந்ததே இல்ல.

அடுத்த டேபிள்ல வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருத்தர், தனியா. நான் வாளியோட வர்றதைப் பார்த்ததும் ரெண்டு கையையும் இலைக்கு மேல விரிச்சு மறிச்சார். தலையை வேற ஆட்டுனார். எனக்கா தெரியாது? விரல் இடுக்கு பார்த்து ஊத்துனேன். ஒரு சொட்டு வெளிய போகல.

அவர் கையை மெதுவா எடுத்து இலையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது என்ன?"

"மட்டன் குழம்புங்க. நல்ல கறியா பார்த்துப் போட்டிருக்கேன்."

"சனிக்கிழமை நான் சைவம்."

கோபப்பட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவர் குழம்பு சொட்டுற விரலைத் தனியா தூக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருந்தார். அதே நேரம் மூலையில, இலையில கிடந்த மீனை எண்ணிப் போட்ட பில்லைப் பார்த்த எட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. "வீ நெவர் ஆர்டர் ஃபிஷ்"னு ஒருத்தர் சொல்றார். ராணி அக்கா ரெண்டு பக்கமும் பார்த்தாங்க. அப்புறம் செலினைப் பார்த்தாங்க.

"இந்த ஆளு யாரு? உனக்குத் தெரியுமா?"

செலின் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தா. வாளி, கரண்டி, தொப்பி.

"தெரியாதுக்கா."

அந்த நேரத்துல வாயை மூடிக்கிட்டு வெளிய போயிருந்தா நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே இல்ல. எனக்கு ரோஷம் வந்துருச்சு.

"என்னம்மா தெரியாதுங்குற? காலையில உனக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தது யாரு?"

கடையே திரும்பிப் பார்த்துச்சு. நல்லி எலும்பை உறிஞ்சிக்கிட்டிருந்த குழந்தைகூட நிறுத்திருச்சு.

செலினுக்குக் காது ரெண்டும் சிவந்துருச்சு. ஆனா அவ அழல. என் கையில இருந்து வாளியைப் பிடுங்கி உள்ள வச்சா. பெரியவரைக் கை கழுவக் கூட்டிட்டுப் போனா. டேபிளைத் துடைச்சு, வேற இடத்துல உக்கார வச்சு, புது இலை போட்டு, "சாரி தாத்தா, இனிமே உங்க இலைக்கு நான் மட்டும்தான் வருவேன்"னு சொல்லிக் காயில இருந்து ஆரம்பிச்சா. அவர் என் பக்கம் திரும்பவே இல்ல, ஆனா சாப்பிட்டார். அப்புறம் செலின் மூலைக்குப் போய் இங்கிலீஷ்ல ஏதோ சொன்னா. அந்த எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, பாவப்பட்டு உக்காந்தாங்க. என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லல.

மீனுக்கும் மட்டனுக்கும் நான் என் பேங்க் கார்டைத் தட்டிக் காசு கட்டுனேன். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ராணி அக்காகிட்ட கேட்டேன்.

"மேடம், அவ ட்ரையல்?"

"பொண்ணு நாளைக்கே வரலாம். இவ்வளவு பெரிய ரகளையில கையில இருந்த வேலையைக் கீழ போடல பாருங்க, அந்த மாதிரி ஆளு எனக்குக் கிடைக்காது. நீங்க வர வேணாம். சாப்பிடக்கூட."

செலினுக்கு வேலை கிடைச்சிருச்சு. ரெண்டு நாள் என்கூட பேசல, மூணாவது நாள் "ஒரு டேபிளுக்கு எனக்கு டிப்ஸ் குடுத்தாங்கப்பா"ன்னு அவளே ஓடி வந்து சொன்னா. ஆனா விஷயம் எப்படியோ உறவு முழுக்கப் பரவிருச்சு. இப்ப எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் நான் கரண்டியைத் தொட்டா போதும், சின்னப் பிள்ளைங்கள்ல இருந்து மாமனார் வரைக்கும் கையை விரிச்சு, "சனிக்கிழமை நான் சைவம்"னு கோரஸா சொல்றாங்க. அன்னைக்கு என்ன கிழமையா இருந்தாலும்.

போன சனிக்கிழமை செலின் வேலைக்குக் கிளம்புனதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கல. ரீட்டாகிட்ட சொன்னேன்: "பாரேன், சொந்தக் காசு மேல இந்தப் பிள்ளைக்கு என்ன ஒரு ஆசை. ஒரு சனிக்கிழமைகூட லீவு போட மாட்டேங்குறா."

ரீட்டா துணி மடிச்சுக்கிட்டே சொன்னா: "காசுக்குன்னா நினைச்சுக்கிட்டிருக்கீங்க? சனிக்கிழமை பூரா உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு வீட்ல உக்கார முடியாமத்தான் போறா. அங்க இன்னொரு ஆள் வேணுமாம். நானும் பேர் குடுத்திருக்கேன்."