சுருக்கம் விழாத விரிப்பு

தூங்கி எழுந்திருக்கிற எல்லாரும் ஒன்றுபோல எழுந்திருப்பதில்லை. நம்மில் பெரும்பாலோர் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு, இன்று என்ன கிழமை என்று யோசித்து, ஞாயிறு இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, போர்வையை எங்கே உதைத்தோமோ அங்கேயே போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போகிறோம். இன்னொரு இனம் இருக்கிறது. அது எழுந்த கையோடு திரும்பி நின்று படுக்கையைப் பார்க்கும். அறைக்குள் யாரோ திருடன் புகுந்து கலைத்துவிட்டுப் போனதுபோலப் பார்க்கும். பிறகு வேலையைத் தொடங்கும்.

படுக்கையை ஒழுங்கு பண்ணுவது தப்பா? இல்லவே இல்லை. ஒழுங்கு பண்ணிவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள் மேல் நமக்கு எந்த வழக்கும் கிடையாது. ஆனால் ஒழுங்கு பண்ணிவிட்டுச் சும்மா இருக்கிற ஒருவரை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இந்த இனத்தில் முழுமையாக விளைந்த ஒருவர், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். நேரில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள்; அவர் காரைவிட்டு இறங்கிய பிறகு விரிப்பு மாஸ்டர் என்பார்கள். காலை ஐந்தரைக்கு எழுவார். தலையணைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இரண்டு பக்கமும் தட்டுவார். விரிப்பை உருவி, உதறி, நான்கு மூலைக்கும் இழுத்து, மெத்தைக்கு அடியில் செருகுவார். அதற்கப்புறம் தரையில் மண்டியிட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பலகையில் வளைவு பார்க்கிற தச்சரைப்போல மெத்தையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நோட்டம் விடுவார். எங்கேயாவது ஒரு சுருக்கம் தெரிந்தால் முதலிலிருந்து ஆரம்பம். கடைசியில் போர்வை, புத்தகம்போல மடிந்து கால்மாட்டில் உட்கார்ந்துவிடும். மொத்தம் பதினோரு நிமிடம். வீட்டில் ஒரே மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அப்பா இதைச் செய்யும்போது குறுக்கே போகக் கூடாது என்பதை அவள் நடக்கப் பழகியபோதே பழகிக்கொண்டாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நமக்கு என்ன பேச்சு? ஏழு மணிக்கு முதல் மாணவர் காரில் ஏறி, சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பப் போகும்போது மாஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்பார். காலையில் படுக்கையைச் சரி பண்ணிவிட்டு வந்தீர்களா? மருந்துக்கடை வைத்திருக்கிற ஒருவர், அதற்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். சம்பந்தத்தை விளக்க நாற்பது நிமிடம் ஆனது. அன்றைய வகுப்பு நாற்பத்தைந்து நிமிடம். காலையில் ஒரு வேலையை முழுசாக முடித்தவனுக்குத்தான் நாள் வசப்படும், நாள் வசப்பட்டவனுக்குத்தான் கை வசப்படும், கை வசப்பட்டவனுக்குத்தான் கியர் விழும் என்பது அதன் சாரம். மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தில் மருந்துக்கடைக்காரர் காரை இரண்டடி பின்னால் எடுத்தார்.

மற்ற மாணவர்கள் விவரமானவர்கள். பண்ணிட்டேன் மாஸ்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே பெரிய சாலை கிடைத்தது. ஆகவே அந்தப் பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் முதலில் பொய் சொல்லவும், பிறகு பிரேக் பிடிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு பெண், கணக்கு டீச்சர், துணிந்து கேட்டார்.

"ராத்திரி மறுபடியும் கலைக்கத்தானே போறோம் மாஸ்டர்?"

மாஸ்டர் இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தார்.

"ராத்திரி மறுபடியும் பசிக்கத்தான் போகுது. அதுக்காகக் காலையில சாப்பிடாம வந்தீங்களா?"

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். டீச்சர் பதிலை யோசித்ததில் கார் நடுச்சாலையில் நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இதெல்லாம் ஊருக்கு. வீட்டில் நடந்தது வேறு. மாஸ்டரின் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். எலும்பு முறிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில், அந்த வருடம் முழுக்க அவளுக்கு இரவு வேலை. விடிந்து, அடுத்த ஆளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்து, பஸ் பிடித்து, எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைவாள். முதல் வகுப்பை முடித்துவிட்டுப் பலகாரத்துக்காக மாஸ்டரும் அந்நேரத்துக்கு வீட்டில் இருப்பார். படுக்கையறையில் கட்டில், கடையின் கண்ணாடிக்குள் வைத்திருக்கிற கட்டிலைப்போல நிற்கும்.

அவள் போர்வையை எடுப்பாள். மாஸ்டரின் முகம் சுளிக்கும். தலையணையை இழுப்பாள். மாஸ்டர் தொண்டையைச் செருமுவார்.

"ஓரமா படுத்துக்கயேன்."

"படுத்தா கலையத்தாங்க செய்யும்."

"கலையாம படுக்க முடியாதா என்ன?"

அவள் படுத்துவிடுவாள். மத்தியானம் எழுந்து சமையலறைக்குப் போனதும், சாப்பிட வந்த மாஸ்டர் கட்டிலை மறுபடி போடுவார். போடும்போது ஒரு சிறு சொற்பொழிவும் இருக்கும். மூலையை மடிப்பதில் ஒரு முறை இருக்கிறது, விரிப்பின் ஓரத்தை முதலில் மேலே தூக்கி, தொங்குவதை உள்ளே தள்ளி, பிறகு தூக்கியதை இறக்க வேண்டும், நீ அவசரத்தில் அப்படியே அமுக்கிவிடுகிறாய் என்று அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று முறை அவளுக்குச் செய்து காட்டினார். அவள் கதவோரம் நின்று ம் என்றாள். ஏன் வேறெதுவும் சொல்லவில்லை என்கிறீர்களா? இரவு முழுக்க நின்றுவிட்டு வந்தவளிடம் ம் சொல்வதற்கு மட்டும்தான் தெம்பு மிச்சமிருக்கும்.

கொஞ்ச நாளில் அவள் கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்தாள். சோபா அவள் நீளத்துக்குப் போதாது. முழங்காலை மடக்கி, கைப்பையைத் தலைக்கு வைத்து, தெருச் சத்தத்துக்குக் காதைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு தூங்குவாள். மாஸ்டருக்கு இதில் வருத்தமா? பெருமை. என் மனைவிக்கே அந்தப் படுக்கையைக் கலைக்க மனசு வரவில்லை என்று மருந்துக்கடைக்காரரிடம் சொன்னார். அவர் அப்போது காரை நான்காவது முறையாகப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் அவள் ஒரு செய்தி சொன்னாள். ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்ஸ்கள் விடுதியில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, திங்கட்கிழமை முதல் வேலை முடிந்ததும் அங்கேயே தூங்கிவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவாள். மாஸ்டர் உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே போட்டார். வீட்டில் கட்டில் இல்லையா என்று கேட்டார்.

பதில் சொன்னது மகள்.

"கட்டில் இருக்குப்பா. படுக்கத்தான் இடம் இல்ல."

பெரியவர்கள் பேச்சில் தலையிடாதே என்று அவளை அடக்கினார். மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. காலையில் போட்ட விரிப்பு இரவுவரை ஒரு கோடுகூட விழாமல் அப்படியே இருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் விரும்பியது இதுதானே? ஆனாலும் இரண்டு மூன்று முறை அறை வாசலில் போய் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். காபி சரியில்லை என்று மகளிடம் சொன்னார். காபியை அவரேதான் போட்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், முதல் வகுப்பு முடிந்து பலகாரத்துக்கு வந்தவருக்கு விரிப்பின் ஒரு மூலை தளர்ந்திருப்பதுபோலப் பட்டது. சுவரோரத்து மூலையைச் செருகுவதற்காக ஒரு கையால் மெத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, உடம்பைக் கொஞ்சம் திருகினார். இடுப்பில் ஏதோ சொடுக்கியது. அதற்குமேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள், கட்டிலின் குறுக்கே காயப்போட்ட துணிபோலக் கிடந்த அப்பாவைப் பார்த்து, அம்மாவுக்குப் போன் செய்தாள். வேலை முடிந்து அப்போதுதான் விடுதியில் படுத்திருந்தவள் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, தசை பிடித்திருக்கிறது, பத்து நாள் கட்டிலைவிட்டு நகரக் கூடாது என்றார். மனைவி விடுப்பு எடுத்தாள்.

பத்து நாள் படுக்கையில். யார்? மாஸ்டர். முதல் நாள் சாயங்காலத்துக்குள்ளேயே விரிப்பு அவருக்கு அடியில் சுருண்டுகொண்டது. ஒவ்வொரு சுருக்கத்தையும் முதுகால் எண்ணினார். வலியைவிட அது பெரிதாகப்பட்டது. மறுநாள் காலை மகளைக் கூப்பிட்டு, அந்த ஓரத்தைக் கொஞ்சம் இழும்மா என்றார். அவள் இழுத்தாள். வீட்டுக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார். சரி, விடு, அப்புறம் பார்க்கலாம் என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மனைவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கக்கத்தில் துவைத்த விரிப்பு ஒன்று. அவர் தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து, சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். எப்படித் திருப்பினாள் என்றே தெரியவில்லை, வலிக்கவில்லை. பழைய விரிப்பை நீளவாக்கில் அவர் முதுகுவரை சுருட்டினாள். புதியதைப் பாதி விரித்து, பாதியைச் சுருட்டி அதன் பக்கத்தில் வைத்தாள். இந்த ஓரத்தைச் செருகினாள். இப்ப இந்தப் பக்கம் என்று அவரை இரண்டு சுருளுக்கும் மேலாக உருட்டினாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து பழையதை உருவினாள், புதியதை இழுத்தாள், மூலைக்கு வந்தாள். ஓரத்தை மேலே தூக்கினாள், தொங்கியதை உள்ளே தள்ளினாள், தூக்கியதை இறக்கினாள். முடிந்தது. சுவரில் இருந்த கடிகாரத்தை மாஸ்டர் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதுவும் ஆளை உள்ளே வைத்துக்கொண்டு.

அவர் கையை மெதுவாக நீட்டி விரிப்பைத் தடவினார். கண்ணாடிபோல இருந்தது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது? அவள் பழைய விரிப்பை வாளிக்குள் போட்டாள்.

"ஒரு ராத்திரிக்கு இருபது கட்டில் போடறேங்க. எல்லாத்துலயும் ஆள் இருக்கும். கால் ஒடிஞ்சவங்க, இடுப்பு ஒடிஞ்சவங்க. வீட்டுக்கு வந்தா இருபத்தோராவது கட்டில்ல படுக்கணும், அவ்வளவுதான்."

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் மாஸ்டர் தப்பித்திருப்பார். மூன்று முறை அவளைக் கதவோரம் நிற்கவைத்து மூலை மடிக்கக் கற்றுக்கொடுத்தது வரிசையாக ஞாபகம் வந்தது. காது மடல் சுட்டது.

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க பேச்சை நிறுத்தினீங்க?"

வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். மாஸ்டர் அன்று முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். படுக்கை என்பது படுக்கிற ஒருவருக்காக என்ற சின்ன விஷயம், ஐம்பது வயதில், முதுகு வழியாக அவருக்குள் ஏறியது.

பதினோராம் நாள் எழுந்து நடமாடினார். அன்று சாயங்காலம் அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். விடுதிக்கான பையும் கையில் இருந்தது. மாஸ்டர் பையைப் பார்த்தார். காலையில் இங்கேயே வந்துடு என்றார். அவள் பார்க்கலாம் என்றாள். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அதை அவள் கவனித்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தவர் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார். தரையில் மண்டியிடவில்லை. போர்வையை மடிக்காமல், ஒருவர் நுழைகிற அளவுக்கு ஒரு பக்கம் விலக்கி வைத்தார். அவளுக்கு எந்தத் தலையணை பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மகளை எழுப்பிக் கேட்டு, மெல்லிசானதை எடுத்து வைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ஏழு மணி வகுப்புக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். எட்டு மணி ஆனது. எட்டு பத்து. எட்டேகால். அடுத்த தெருவில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது, போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து வாசலில் செருப்பு கழன்றது.

அவள் அறைக்குள் போனாள். பையைக் கீழே வைத்தாள். ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கமாகப் புகுந்து, போர்வையை இழுத்துக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டில் முழுவதும் பரவித் தூங்கிப்போனாள். மாஸ்டர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? வீட்டில் திருந்திவிட்டார். ஆனால் இந்த இனம் கொள்கையைத்தான் மாற்றுமே தவிரப் பிரசாரத்தை விடாது. படுக்கையைக் காலையிலேயே மூடிவைப்பது எவ்வளவு தவறு, அது கொஞ்சம் காற்றாடினால்தான் மனிதனுக்கு நல்லது என்று அவர் இப்போது காரில் சொல்கிறார். இத்தனை நாள் சொல்லியும் கேட்காமல், அவர் படுத்திருந்த அந்தப் பத்து நாளில்தான் மனம் மாறி ஒழுங்காகப் போர்வை மடிக்கத் தொடங்கியிருந்த மருந்துக்கடைக்காரர், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவரைத் திரும்பிப் பார்த்தார். சாலையைப் பாருங்கள் என்றார் மாஸ்டர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்களுக்குப் படுக்கையைப் பற்றி எந்தப் பிடிவாதமும் இல்லை. மடித்தால் மடிப்பீர்கள், விட்டால் விடுவீர்கள். நல்ல குணம். போகிற போக்கில் ஒன்று மட்டும்: பற்பசைக் குழாயை அடியிலிருந்து அமுக்காமல் நடுவில் அமுக்குகிறவர்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கருத்து உண்டா? வேண்டாம், சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். அவர்களுக்கு அது மனப்பாடம்.