துண்டுக்கு அடியில் மூன்றாம் விரல்

எந்த ராஜாவும் படையெடுத்து வர விரும்பாத அளவுக்கு வறண்டும், எந்த வியாபாரிக்கும் விட்டுப் போக மனம் வராத அளவுக்குக் கலகலப்பாகவும் கிடந்தது கொம்பன்சந்தை என்ற நாடு. அங்கே மாடு விற்பதும் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒரே முறையில்தான். இருவர் கை கோர்ப்பார்கள். கைமேல் ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசிக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவனுக்கு முகத்தைப் பார்த்து ஊகிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. பேரம் முடியும்வரை யாரும் கையை உருவக் கூடாது. உருவினவனுக்கு அந்தச் சந்தையில் அதற்குப் பிறகு ஒரு கட்டு வைக்கோல்கூடக் கிடைக்காது. எத்தனையோ சட்டங்களைப் புரட்டிப் போட்ட அரசுகள், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் தொட்டதில்லை.

தேர்தல் நாளில் துண்டு போட்டு உட்காருபவர் துண்டாணையர் பெருவழுதியார். அவர் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்தால் மேலவீதிக் கட்சிக்கு ஓட்டு. இரண்டு வைத்தால் கீழவீதிக் கட்சிக்கு. மூன்று வைக்கும் எண்ணம் யாருக்கும் வந்ததில்லை.

மேலவீதி ஆண்டபோது, தூர்வாரப் போவதாகச் சொல்லிச் சந்தையின் ஒரே கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டியது. தூர்வாராததைக் கண்டித்து ஆட்சிக்கு வந்த கீழவீதி, அந்தப் பூட்டைக் கண்காணிக்க அதன் பக்கத்திலேயே இன்னொரு பூட்டைப் போட்டது. திறப்பு விழாவைப் போலவே பூட்டு விழாவுக்கும் பந்தல் உண்டு, மாலை உண்டு, பேச்சும் உண்டு. தண்ணீர் மட்டும் இல்லை.

மூக்கணாங்கயிறு விற்கும் காத்தாயியின் எருமை அந்த மூடியின்மேல் தலையை வைத்தபடியே செத்தது. மறுநாள் காத்தாயி தலைவர் பதவிக்கு நிற்கப் போனாள்.

"அம்மா, ஒன்று மேலவீதிக்கு, இரண்டு கீழவீதிக்கு. உனக்கு விரல் ஏது?" என்றார் பெருவழுதியார்.

"கையில அஞ்சு இருக்குங்களே. மூணை எனக்குக் குடுங்க."

ஆணையர் தம் கையை விரித்து வெகுநேரம் ஆராய்ந்தார். மறுக்க வழியில்லை, மூன்றாவது விரல் இருக்கத்தான் செய்தது.

தேர்தலில் எத்தனையோ பேர் மூன்று விரல் வைத்தார்கள். முடிவைப் பெருவழுதியார் எழுந்து நின்று வாசித்தார்: "மூன்று என்பது ஒன்றும் இரண்டும் சேர்ந்தது. ஆகவே மூன்று விரல் வைத்த குடிமக்கள், மேலவீதியையும் கீழவீதியையும் பிரித்துப் பார்க்க மனமில்லாத பெருந்தன்மையாளர்கள். அவர்களுடைய வாக்குகள் இரு கட்சிகளுக்கும் சமமாக வழங்கப்பட்டன. காத்தாயிக்கு ஓட்டு எதுவும் இல்லை."

"நான் எனக்கே போட்டேனுங்களே, அது எங்கங்க?"

"பாதி மேலே போயிற்று, பாதி கீழே போயிற்று. இரண்டு கட்சியிலும் பங்கு கிடைத்த ஒரே வேட்பாளர் நீதான். பெருமைப்படு."

காளைத் தரகர் சித்தையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலைமுறை தலைமுறையாக மேலவீதிக்கு விரல் வைத்த குடும்பம் அவருடையது. "ஏம்மா காத்தாயி, உனக்குப் போட்டா ஓட்டு வீண்தானே? எதுக்கு இந்தப் பொழப்பு? பேசாம கயித்தைத் திரி."

"நீ போட்டது எதுவும் வீணாப் போகலையாண்ணே? அப்புறம் ஏன் கெணறு பூட்டிக் கெடக்கு?"

சித்தையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தேர்தலுக்கும் காத்தாயி நின்றாள். வாசல் வாசலாகப் போய் மூன்று விரலைக் காட்டினாள். இம்முறை இரு வீதிகளும் கலந்து பேசி, விரல் ஒழுங்குச் சட்டம் கொண்டுவந்தன. அதன்படி, குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு, குடிமக்கள் யாவரும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். ஏழைகளுக்குத் துணி இலவசம். மேலவீதி ஜரிகை வைத்துக் கொடுத்தது. கீழவீதி பூ வேலை செய்து கொடுத்தது. எந்தத் துணி மிருது என்று ஜனங்கள் அடித்துக்கொண்டார்கள். காத்தாயி மறுபடி தோற்றாள்.

தேர்தல் முடிந்தும் கட்டை அவிழ்க்க உத்தரவு வரவில்லை. இரண்டு விரலால் பால் கறக்க முடியவில்லை. மடியில் பால் கட்டி மாடுகள் உதைத்தன. சந்தையில் இன்னும் மோசம். வெளியூர் வியாபாரி துண்டைப் போட்டால், உள்ளூர்க்காரனால் இரண்டுக்கு மேல் விலை கேட்க முடியாது. சித்தையனின் சுழி சுத்தமான மயிலைக் காளை கிழட்டுக் கழுதை விலைக்குப் போயிற்று.

"விலை குறைந்தது வளர்ச்சியின் அறிகுறி. வாங்குபவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று அறிவித்தார் பெருவழுதியார்.

அன்று சித்தையன் கயிற்றுக் கடைப் பக்கம் வந்தார். ஜரிகை கட்டிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இந்தத் தடவையும் நிக்கிறியா?" என்று கேட்டார்.

"கெணறு தொறந்துட்டாங்களாண்ணே?"

"இல்ல."

"அப்ப நிக்கிறேன்."

மூன்றாவது தேர்தல் நாள். நாட்டின் சாவிகளெல்லாம் நடுநிலையின் பொருட்டு அன்று ஒரு நாள் ஆணையரின் மடியில் இருக்கும். வெயில் ஏறுமுன்னே வரிசையின் தலையில் காத்தாயி நின்றாள். காவலன் அவள் கையைச் சோதித்தான். சட்டப்படி கட்டியிருந்தது. ஆனால் கட்டியது கயிற்றுக்காரியின் உருவு முடிச்சு.

துண்டு விழுந்தது. துணி அதற்கடியில் நழுவியது. ஐந்து விரல்களும் ஆணையரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டன.

"இது எத்தனையம்மா? ஒன்றா, இரண்டா?"

"பேரமுங்க. கெணத்துச் சாவியைக் குடுங்க, விட்டுடறேன்."

பெருவழுதியார் இழுத்துப் பார்த்தார். மாட்டை நிறுத்திப் பழகிய அவள் கை அசையவில்லை. பலமாக உருவவும் பயம். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சேதி கேட்டு மேலவீதித் தலைவரும் கீழவீதித் தலைவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். "சாவியைக் கொடுக்காதே!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வரிசை திரும்பி அந்த வண்டியைப் பார்த்தது. சித்தையனும் பார்த்தார். பிறகு பல்லால் ஜரிகை முடிச்சைக் கடித்து அவிழ்த்து, கீழே துப்பிவிட்டு, முன்னே வந்து துண்டுக்குள் கையை விட்டார்.

"ஒருவர் பின் ஒருவராக! வரிசை, வரிசை!" என்று அலறினார் ஆணையர்.

"துண்டு பெருசுதானுங்க சாமி" என்றார் சித்தையன். அவருக்குப் பின்னாலும் முடிச்சுகள் அவிழ்ந்தன.

வெயில் உச்சிக்கு வந்தது. பந்தலின் நிழல் விலகி ஆணையரின் தலையில் சூடு இறங்கியது. அவர் உதட்டை நக்கிக்கொண்டார்.

"விட்டுவிடு தாயே. தாகம் தாங்கவில்லை."

"எங்களுக்கும்தானுங்க" என்றாள் காத்தாயி.

இரு தலைவர்களும் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார்கள். ஆணையரின் இடது கை, தன் ஐந்து விரல்களோடும், மெல்ல மடியைத் தேடிப் போயிற்று.